சிறார் இல்லத்திலும் வளர்ப்பு வீட்டிலும் இருக்கும் பிள்ளைகள் எஸ்.பி.எம். முடித்துக் கல்லூரிக்குப் போக: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங்கிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் பெற்றோரிடம் வளராத பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. எஸ்.பி.எம். என்பது இடைநிலைப்பள்ளியில் படிவம் 5 முடிவில் எழுதும் அரசுத் தேர்வு. கேட்டவர்கள் பாட்டிமார்கள், இல்ல நிர்வாகிகள், வளர்ப்புப் பெற்றோர், ஆசிரியர்கள், சில இடங்களில் பிள்ளைகளே. அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை வைத்திருக்கிறோம். பதில்களில் பத்திரம், தேதி, கையெழுத்து பற்றிய பேச்சு அதிகமாக இருக்கும். படிக்கக்கூடிய பிள்ளைகள் பாதியில் நின்றுபோவது பெரும்பாலும் அந்த இடங்களில்தான்.

வளர்ப்பு வீடு, இல்லம், பாட்டி வீடு எல்லாம் ஒண்ணுதானே? எங்க பிள்ளை எதுல சேர்த்தி?

ஒன்றில்லை. 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டத்தின்கீழ் நீதிமன்ற உத்தரவோடு வந்த பிள்ளைக்குச் சமூக நல இலாகாவில் ஒரு கோப்பு இருக்கும். ‘பெலின்டோங்’ எனப்படும் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் அதற்குப் பொறுப்பாக இருப்பார். அந்தப் பிள்ளை அரசு இல்லத்தில் இருக்கலாம், தனியார் இல்லத்தில் இருக்கலாம், வளர்ப்புப் பெற்றோரிடமும் இருக்கலாம். தனியார் இல்லம் என்றால் அது 1993-ஆம் ஆண்டு பராமரிப்பு மையச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும்.

இரண்டாவது வகை, வறுமையால் குடும்பமே கொண்டுவந்து இல்லத்தில் விட்டுப்போன பிள்ளை. உத்தரவு எதுவும் இருக்காது. மூன்றாவது, பாட்டியோ மாமாவோ அத்தையோ வைத்துப் பார்ப்பது. எங்களிடம் கேள்வியோடு வருபவர்களில் இந்த மூன்றாவது வகைதான் அதிகம், கையில் காகிதம் எதுவும் இல்லாமல் வருபவர்களும் இவர்கள்தான். ஆகவே முதலில் கேட்க வேண்டியது ஒன்றே: நீதிமன்ற உத்தரவு இருக்கிறதா, இருந்தால் அது எந்தத் தேதியில் முடிகிறது?

எப்ப ஆரம்பிக்கணும்? எஸ்.பி.எம். முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாமா?

வேண்டாம். படிவம் 3 முடியும்போதே தொடங்குங்கள். பிறப்புப் பத்திரத்தில் சிக்கல் இருந்தால் இன்றே தொடங்குங்கள். எஸ்.பி.எம். முடிந்ததும் விண்ணப்பத் தேதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். அந்த நேரத்தில் பத்திரம் தேடி அலைய முடியாது.

வயதுக் கணக்கும் ஒன்று இருக்கிறது. தமிழ்ப்பள்ளியிலிருந்து நேராகப் படிவம் 1 போன பிள்ளைக்குப் படிவம் 5 நடக்கும் ஆண்டில் 17 வயது ஆகும். படிவம் 1-க்கு முன் புகுமுக வகுப்பில் ஓராண்டு படித்த பிள்ளைக்கு அதே ஆண்டில் 18 ஆகிவிடும். சிறார் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத்தான். புகுமுக வகுப்பு படித்த பிள்ளை ஏப்ரலில் பிறந்தவர் என்றால், ‘இன்னும் ஸ்கூல் பிள்ளைதானே’ என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, எஸ்.பி.எம். எழுதுவதற்குப் பல மாதம் முன்னால் உத்தரவு முடிந்துபோகும். பிறந்த தேதி, உத்தரவு முடியும் தேதி, எஸ்.பி.எம். தொடங்கும் மாதம் மூன்றையும் பிள்ளையின் கோப்பில் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

பதினெட்டு ஆனதும் பிள்ளையை வெளிய அனுப்பிடுவாங்களா?

உத்தரவு முடிகிறது என்றால் அன்றே கதவைச் சாத்துவார்கள் என்று அர்த்தமில்லை. பள்ளிப்படிப்பு முடியும்வரை இருக்கவிடும் இல்லங்கள் பல இருக்கின்றன. ஆனால் வாய்வார்த்தையாகக் கிடைத்த சம்மதம் நிர்வாகி மாறினால் போய்விடும். பிறந்தநாளுக்கு ஆறு மாதம் முன்பே பெலின்டோங்கையும் இல்ல நிர்வாகத்தையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசி, எந்தத் தேதிவரை இருக்கலாம், சாப்பாட்டுக்கும் பள்ளிப் பேருந்துக்கும் யார் பொறுப்பு என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

வளர்ப்புக் குடும்பம் என்றால் இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: சமூக நல இலாகாவின் மாத உதவித்தொகை எந்த மாதத்தோடு நிற்கும்? அது நின்ற பிறகும் பிள்ளையை வைத்துக்கொள்ள மனமுள்ள குடும்பங்கள் நிறைய. இருந்தாலும் அந்த மாதம் முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான் வீட்டுச் செலவில் இடிக்காது.

பாப்பாவுக்கு ஐ.சி. (அடையாளக் கார்டு) இல்ல. பிறப்புப் பத்திரத்துல குடியுரிமை இல்லாதவர்னு போட்டிருக்கு. ஸ்கூலுக்கு மட்டும் போறா. இதுக்கு மேல என்ன செய்யறது?

எல்லாவற்றையும்விட அவசரமான விஷயம் இதுதான். பெற்றோரில் ஒருவர் குடியுரிமை உள்ளவராக இருந்தாலோ நீதிமன்ற உத்தரவு இருந்தாலோ பள்ளி சேர்த்துக்கொள்ள வழியுண்டு, எஸ்.பி.எம்.மும் எழுதலாம். அடுத்த வாசலில்தான் தடை. அரசுக் கல்லூரிகளுக்கான யு.பி.யு. விண்ணப்பமும் பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடனும் குடியுரிமை உள்ளவர்களுக்குத்தான். ஐந்து வருடம் நன்றாகப் படித்த பிள்ளை அங்கே வந்து நிற்கும்.

எந்த வகைச் சிக்கல் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். பிறப்பே பதியப்படவில்லை என்றால் அது தாமதப் பதிவு. பிறந்து 60 நாளுக்குள் பதியாத எல்லாமே அந்தக் கணக்கில் வரும். பிரசவம் நடந்த மருத்துவமனையின் பதிவு, தடுப்பூசிப் புத்தகம், தோட்டத்து மருந்தகக் குறிப்பு, பிரசவம் பார்த்தவர் அல்லது அக்கம்பக்கத்தாரின் சாட்சி எல்லாம் வேண்டியிருக்கும். தோட்டம் கைமாறியிருந்தால் பழைய கிராணி (தோட்டக் கணக்கர்) எங்கே இருக்கிறார் என்று விசாரியுங்கள். பழைய பதிவேடு எங்கே போனது என்று சொல்லக்கூடியவர் பல இடங்களில் அவர் ஒருவர்தான்.

அடுத்தது, அப்பா மலேசியர், அம்மா வெளிநாட்டவர், கோயிலில் தாலி கட்டியதோடு சரி, திருமணத்தைப் பதியவில்லை. 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982 மார்ச் 1-ஆம் தேதி நடப்புக்கு வந்ததிலிருந்து முஸ்லிம் அல்லாதார் திருமணம் பதியப்பட வேண்டும். பதியாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தாயின் குடியுரிமைதான் வரும். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கூட்டரசு அரசியலமைப்பின் 15A பிரிவின்கீழ் விண்ணப்பம் போடுவார்கள். அதில் இருந்த 21 வயது வரம்பை 18-ஆகக் குறைக்கும் திருத்தம் 2024 அக்டோபரில் மக்களவையில் நிறைவேறியது. ஆகையால் 18-ஐத்தான் கடைசி எல்லை என்று வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். விண்ணப்பத்தின் முடிவு வர ஆண்டுக்கணக்கில் ஆகலாம். சட்டப்படி தத்தெடுத்துவிட்டால் குடியுரிமை தானாக வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். வராது.

பதிவிலாகாவுக்குப் போகும்போது ஒவ்வொரு தடவையும் ரசீது எண்ணையும் அதிகாரி சொன்னதையும் தேதியோடு எழுதி வையுங்கள். கெடாவில் அரசு அலுவலகங்களுக்கு வெள்ளி, சனி விடுமுறை. கோலாலம்பூர், புத்ராஜெயா அலுவலகங்களுக்குச் சனி, ஞாயிறு. இரண்டு பக்கமும் பேச வேண்டிய காரியத்துக்குத் திங்கள் முதல் வியாழன்வரை நான்கு நாள்தான் கிடைக்கும்.

ஃபைல் போட்டு வைங்கன்னு சொல்றீங்க. அதுல என்னென்ன இருக்கணும்?

பிறப்புப் பத்திரம், அடையாளக் கார்டின் இரு பக்க நகல், நீதிமன்ற உத்தரவு அல்லது இல்லத்தின் உறுதிக் கடிதம், பெற்றோர் இறந்திருந்தால் இறப்புப் பத்திரம், பள்ளி மாறிய கடிதங்கள், புறப்பாட நடவடிக்கைச் சான்றிதழ்கள், தடுப்பூசிப் புத்தகம். ஒவ்வொன்றிலும் உறுதிப்படுத்தப்பட்ட நகல் ஐந்து எடுத்து வையுங்கள். தலைமையாசிரியரோ சமூக நல அதிகாரியோ முத்திரை குத்தித் தருவார். அசலைப் பிளாஸ்டிக் உறையில் தனியாக வையுங்கள். லேமினேட் செய்யாதீர்கள், சில அலுவலகங்களில் வாங்க மறுப்பார்கள். எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் பிடித்துப் பிள்ளையின் மின்னஞ்சலுக்கும் அனுப்பிவிடுங்கள்.

பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பிறப்புப் பத்திரத்தில் ‘ஏ/எல்’ (இன்னாரின் மகன் என்ற குறி) இருந்து அடையாளக் கார்டில் விடுபட்டிருக்கும். அப்பா பெயரில் ஒரு எழுத்து கூடுதலாக இருக்கும். எஸ்.பி.எம். பதிவின்போது பள்ளி தரும் சரிபார்ப்புத் தாளில் பிள்ளை பார்க்காமல் கையெழுத்துப் போட்டால் அதே பிழை சான்றிதழுக்கும் போகும், பிறகு ஒவ்வொரு கவுண்டரிலும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

நான் பாட்டி. அம்மா ஓடிப்போயிட்டா, அப்பா இறந்துட்டாரு. பள்ளிக்கூடத்துல நான் கையெழுத்துப் போட்டா செல்லுமா?

அன்றாடப் பள்ளிக் காரியங்களுக்குப் பெரும்பாலும் செல்லும். பிள்ளை உங்களோடு இருக்கிறது என்று பெங்ஹுலுவிடம் (வட்டாரத் தலைவரிடம்) ஓர் உறுதிக் கடிதமும், சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் எழுதிய பிரமாணப் பத்திரமும் வாங்கி வையுங்கள். உதவித்தொகை, விடுதி விண்ணப்பம், பள்ளி மாற்றம் எல்லாவற்றுக்கும் இந்த இரண்டு காகிதமும் உதவும்.

பணம், சொத்து என்று வந்தால் இவை போதாது. அதற்கு 1961-ஆம் ஆண்டு சிறார் பாதுகாவலர் சட்டத்தின்கீழ் நீதிமன்றம் உங்களைப் பாதுகாவலராக நியமிக்க வேண்டும். வருமானம் குறைந்தவர்கள் அரசாங்கச் சட்ட உதவித் துறையில் விசாரிக்கலாம். பேரப்பிள்ளைக்கு இப்போதே 17 முடிந்திருந்தால் வழக்குக்குப் போவதைவிட 18-க்குக் காத்திருப்பதுதான் பல குடும்பங்களுக்கு நல்லது. அதன்பிறகு அவர் பெயரில் அவரே கையெழுத்திடலாம்.

மலாய்ல ரொம்ப வீக். எஸ்.பி.எம். பாஸாகுமா?

எஸ்.பி.எம். சான்றிதழ் கைக்கு வர மலாய்மொழி, வரலாறு இரண்டிலும் தேர்ச்சி கட்டாயம். வரலாறு 2013-இல் சேர்ந்தது. தேர்ச்சி என்றால் ‘இ’ போதும். மற்றப் பாடங்களில் ‘ஏ’ வாங்கியும் இந்த இரண்டில் ஒன்று ‘ஜி’ ஆனால் சான்றிதழ் இல்லை. அதனால் பின்தங்கிய பிள்ளைக்கு ஒன்பது பாடத்துக்கும் டியூஷன் வைத்துக் களைத்துப்போக வைக்காதீர்கள். முதலில் இந்த இரண்டு, அதன்பிறகு கணிதம், ஆங்கிலம்.

வரலாறு முதல் தாளில் 40 புறவயக் கேள்விகள். மலாயில் கட்டுரை எழுதத் தடுமாறும் பிள்ளையும் இந்தத் தாளில் மதிப்பெண் சேர்க்க முடியும். படிவம் 4, 5 புத்தகங்களை அத்தியாயம் அத்தியாயமாக வைத்து வாரத்துக்கு ஒரு பழைய தாள் எழுதி, தவறிய கேள்விக்கு மட்டும் புத்தகத்தைத் திறக்கச் சொல்லுங்கள். மலாய்மொழியில் எழுத்துத் தாள்களுக்கு முன்பே பேச்சுச் சோதனையும் உண்டு. அன்று நீதிமன்றத் தேதி, மருத்துவமனைத் தேதி என்று பிள்ளையை வெளியே கூட்டிப்போய்விட்டால் பெரிய இழப்பு. பள்ளியில் தேதிப் பட்டியல் வாங்கிப் பெலின்டோங்குக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

மலாய் வராததற்கு இரண்டு காரணம் இருக்கும்: பேச ஆளில்லை, அல்லது நாலைந்து பள்ளி மாறியதில் அடிப்படையே விட்டுப்போனது. இரண்டாவது காரணமுள்ள பிள்ளைக்குப் படிவம் 5 பயிற்சி நூல் கொடுத்தால் அழுகைதான் மிஞ்சும். ஆறாம் ஆண்டு வாசிப்புப் பகுதியிலிருந்து தொடங்கி ஏறுங்கள். ஸ்ரீ முருகன் நிலையம் 1982 முதல் நம் பிள்ளைகளுக்குத் தேர்வு வகுப்பு நடத்திவருகிறது. பக்கத்தில் அதன் வகுப்பு நடக்கிறதா என்று விசாரியுங்கள்.

தம்பி ஸ்கூலுக்கே போகமாட்டேங்கிறான். அடிச்சும் பாத்தாச்சு.

அடிப்பதை நிறுத்துங்கள். வேறு வீடுகளில் அடி வாங்கித்தான் பல பிள்ளைகள் உங்களிடம் வந்திருக்கிறார்கள்.

ஏன் போகவில்லை என்று பாருங்கள். காலணி கிழிந்திருக்கலாம். ‘இல்லத்துப் பையன்’ என்று கேலி செய்திருக்கலாம். காலை ஐந்தரை பேருந்தைப் பிடிக்க முடியாத அளவுக்கு இரவில் தூக்கம் வராமல் இருக்கலாம். அப்பாவைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள்தான் அவன் படுத்தே கிடக்கிறான் என்றால் அதைப் பள்ளி ஆலோசக ஆசிரியரிடமும் பெலின்டோங்கிடமும் சொல்லுங்கள். தொடர்ந்து 3 நாள், அல்லது விட்டுவிட்டு 10 நாள் காரணமில்லாமல் வராவிட்டால் பள்ளி முதல் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பும். அந்தக் கடிதம் பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருக்கும், இல்லத்துக்குத் தெரியவே தெரியாது. பள்ளிப் பதிவில் முகவரியையும் கைப்பேசி எண்ணையும் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் சரிபாருங்கள்.

வேற இல்லத்துக்கு மாத்தப் போறாங்க. படிவம் 5-ல இருக்கான். பரவாயில்லையா?

முடிந்தவரை தடுங்கள். படிவம் 4-இல் எடுத்த பாடங்கள் புதுப் பள்ளியில் இல்லாமல் போகலாம். தமிழ்மொழி, தமிழ் இலக்கியம் எடுத்த பிள்ளைக்கு அங்கே ஆசிரியர் இல்லாமல் போவது அடிக்கடி நடக்கிறது. எஸ்.பி.எம். பதிவு முடிந்தபின் மாறினால் தேர்வு மையச் சிக்கலும் சேரும். மாறித்தான் ஆக வேண்டும் என்றால் இல்லம் மாறினாலும் பழைய பள்ளியிலேயே தொடர முடியுமா, பள்ளி விடுதியில் இடம் கிடைக்குமா என்று மாவட்டக் கல்வி அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள்.

பகுதி நேர வேலைக்கு அனுப்பலாமா? கைச்செலவுக்கு ஆகுமே.

விடுமுறையில் போகலாம். பள்ளி நாளில் கவனம் வேண்டும். 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி 15-லிருந்து 18 வயதுக்குள் இருப்பவரை இரவு 8 முதல் காலை 6 வரை வேலை வாங்கக் கூடாது. ஒரு நாளில் ஏழு மணி நேரம்தான், பள்ளிக்குப் போகும் நாளில் பள்ளி நேரத்தையும் சேர்த்து எட்டு. இரவு பத்து மணிவரை கல்லாவில் நிற்க வைக்கும் கடை அந்தச் சட்டத்தை மீறுகிறது. மறுநாள் வகுப்பில் தூங்கி விழுவதும் அதனால்தான்.

சுங்கைப்பட்டாணி கிலாங்குல 1,700 வெள்ளி தர்றாங்க. எதுக்கு இன்னும் ரெண்டு வருசம் படிக்கணும்?

இது நியாயமான கேள்வி, கோபப்படாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. கிலாங், அதாவது தொழிற்சாலை, தரும் 1,700 வெள்ளி என்பது 2025-இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம். அதில் அறை வாடகை, சாப்பாடு, மோட்டார் தவணை, பெட்ரோல் எல்லாவற்றையும் பிள்ளையோடு உட்கார்ந்து எழுதிக் கூட்டுங்கள். விழுந்தால் தாங்கிப் பிடிக்க வீடு இருக்கும் பிள்ளை அந்தச் சம்பளத்தில் காலம் தள்ளலாம். இவர்களுக்கு ஒரு மாதம் வேலை போனாலே தங்க இடம் இல்லை.

அவன் பிடிவாதமாக இருந்தால் ஒன்றை மட்டும் கறாராகக் கேளுங்கள்: எஸ்.பி.எம். எழுதிவிட்டுப் போ. சான்றிதழ் இருந்தால் எந்த வயதிலும் படிப்பு வாசல் திறக்கும். பணம் சம்பாதிக்கத் துடிக்கும் பிள்ளைக்கு அடுத்த பதிலில் வரும் தொழிற்பயிற்சி வழிதான் பொருத்தம். வற்புறுத்தி டிப்ளோமாவில் சேர்த்தால் முதல் தவணையிலேயே நின்றுவிடுவான்.

எஸ்.பி.எம்.க்கு அப்புறம் எங்கெங்க போகலாம்?

இன்னும் வெளியே போகத் தயாராகாத பிள்ளைக்கு ஆறாம் படிவத்தை நாங்கள் முதலில் சொல்வோம். மூன்று தவணை, ஒன்றரை ஆண்டு. பள்ளிப் பிள்ளையாகவே தொடர்வதால் இல்லத்திலோ பாட்டி வீட்டிலோ இருந்தபடியே படிக்கலாம், விடுதிச் செலவு இல்லை. ஆறாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வு கடினம்தான், ஆனால் அதற்குள் பிள்ளைக்கு 19, 20 வயது ஆகி மனமும் பக்குவப்படும். பல்கலைக்கழகத்துக்கு முந்திய மெட்ரிகுலேஷன் படிப்பு ஓராண்டில் முடியும், வேகம் அதிகம். நன்றாகத் தேறிய பிள்ளை தயங்காமல் விண்ணப்பிக்கட்டும். எஸ்.பி.எம்.மில் 10ஏ-யும் அதற்கு மேலும் எடுத்தவர்களுக்கு இன வேறுபாடின்றி இடம் என்று 2024-இல் அரசாங்கம் அறிவித்திருக்கிறது.

கைவேலையில் நாட்டமுள்ளவர்களுக்குப் போலிடெக்னிக் டிப்ளோமா நல்ல வழி. படிப்புக் கட்டணம் தவணைக்கு 200 வெள்ளி. பீடோங்கிலிருந்து பக்கம் என்றால் கூலிமில் துவாங்கு சுல்தானா பஹியா போலிடெக்னிக். தேர்ச்சி குறைவாக இருந்தால் சமூகக் கல்லூரிச் சான்றிதழ், சுங்கைப்பட்டாணியிலேயே இருக்கிறது. அங்கே தேறி, டிப்ளோமாவுக்கு ஏறியவர்கள் பலர்.

எஸ்.பி.எம். சரியாக வரவில்லை, அல்லது பாதியிலேயே நின்றுவிட்டது என்றால் எஸ்.கே.எம். தொழில் திறன் சான்றிதழ். நிலை 1, 2, 3 என்று ஏறி, நிலை 4-இல் டிப்ளோமா. மனிதவள அமைச்சின் ஐ.எல்.பி., இளைஞர் அமைச்சின் ஐ.கே.பி.என். ஆகிய தொழிற்பயிற்சி நிலையங்கள் இரண்டிலும் விடுதி உண்டு. பள்ளியைவிட்டு விலகிய நம் பிள்ளைகளுக்காகவே உலு சிலாங்கூர் கலும்பாங்கில் மைஸ்கில்ஸ் அறவாரியம் பயிற்சி நடத்துகிறது. ஷா ஆலாமில் மோன்ட்ஃபோர்ட் இல்லம் வசதியில்லாத பிள்ளைகளுக்கு விடுதியோடு தொழில் கற்றுத்தருகிறது.

யு.பி.யு. போட்டோம், ஆனா இடம் வந்ததே தெரியாம போச்சு. எப்படி?

விண்ணப்பத்தில் போட்ட மின்னஞ்சல் ஆசிரியருடையது, கைப்பேசி எண் இல்லத்துப் பழைய ஊழியருடையது. அழைப்பு வந்தது, யாரும் பார்க்கவில்லை, ஏற்றுக்கொள்ளும் தேதி கடந்தது. இப்படித்தான் நடக்கிறது. படிவம் 4-இலேயே பிள்ளையின் பெயரில் மின்னஞ்சலும் சிம் கார்டும் எடுத்து, கடவுச்சொல்லைக் கோப்பில் எழுதி வையுங்கள். சிம் ‘செத்துப்போகாமல்’ இருக்க டாப்-அப் போடுவது யார் என்றும் முடிவு செய்துகொள்ளுங்கள்.

எஸ்.பி.எம். முடிவு வந்ததும் விண்ணப்பத்தைத் திருத்த ஒரு காலம் கொடுப்பார்கள். பலர் முதலில் போட்டதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். வந்த மதிப்பெண்ணுக்குத் தகுந்தபடி வரிசையை மாற்றுங்கள், எட்டக்கூடிய போலிடெக்னிக், சமூகக் கல்லூரித் தேர்வுகளைக் கட்டாயம் சேருங்கள். நேர்காணல் உள்ள படிப்பா என்று பார்த்து, போக்குவரத்துக்கு முன்பே ஏற்பாடு செய்யுங்கள். இடம் கிடைக்காவிட்டால் மேல்முறையீட்டுக்குக் கொடுக்கும் நாட்கள் குறைவு, அன்றே போட்டுவிடுங்கள்.

அப்பா அம்மா வருமானம்னு கேக்குற இடத்துல என்ன எழுதுறது?

பொய் எழுதாதீர்கள், காலியாகவும் விடாதீர்கள். இறந்திருந்தால் இறப்புப் பத்திரத்தை இணையுங்கள். எங்கே என்றே தெரியாவிட்டால் ‘பிள்ளை இந்தத் தேதியிலிருந்து எங்கள் பராமரிப்பில் இருக்கிறார், பெற்றோரிடமிருந்து எந்த ஆதரவும் இல்லை’ என்ற இல்லத்தின் அல்லது சமூக நல இலாகாவின் கடிதத்தைச் சேருங்கள். இல்லத் தலைவரைப் பாதுகாவலராகப் போட்டு அவருடைய சொந்தச் சம்பளத்தை எழுதியதால் பிள்ளைக்கு உதவி குறைந்துபோனதுண்டு. பராமரிப்பாளர் வேறு, செலவைச் சுமக்கும் குடும்பத் தலைவர் வேறு. இதைக் கடிதத்தில் தெளிவாகச் சொல்லுங்கள்.

காசுக்கு எங்க போறது?

முதலில் பிள்ளைக்குச் சேர வேண்டிய பணத்தைத் தேடுங்கள். அப்பாவோ அம்மாவோ தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ வேலை செய்து இறந்திருந்தால் சொக்சோ எனப்படும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் கேளுங்கள். சந்தா நிபந்தனை சரியாக இருந்தால் பிள்ளைக்கு 21 வயதுவரை மாத ஓய்வூதியப் பங்கு உண்டு. உயர்கல்விக் கழகத்தில் படித்தால் முதல் பட்டம் முடியும்வரை நீளும், அதற்குப் படிக்கிறார் என்ற உறுதிக் கடிதம் கொடுக்க வேண்டும். சொக்சோவில் கல்வி உதவியும் தனியாக இருக்கிறது. அடுத்து இ.பி.எஃப். எனப்படும் ஊழியர் சேமநிதி, இறந்தவர் கணக்கில் பிள்ளை பெயர் நியமிக்கப்பட்டிருக்கிறதா என்று விசாரியுங்கள். பாட்டிமார்களுக்கு இது தெரியாமல் பத்து வருடம் கிடக்கும் பணம் இருக்கிறது.

பிறகு கடன். பி.டி.பி.டி.என். கடனுக்கு எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கு வேண்டும், இடம் கிடைத்ததும் திறந்துவிடுங்கள். எஸ்.கே.எம். பயிற்சிக்கு பி.டி.பி.கே. கடன். ம.இ.கா. கட்சியின் கல்வி அமைப்பான எம்.ஐ.இ.டி.யும் கல்விக் கடன் தருகிறது. படிப்பைப் பாதியில் விட்டாலும் கடன் பிள்ளையின் தலையில்தான் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே சொல்லுங்கள்.

கடன் ஒப்புதலாகி முதல் பணம் வர வாரக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில்தான் பிள்ளைகள் ஓடிவந்துவிடுகிறார்கள். ஒரு நாள் சாப்பாட்டுக்கு 15 வெள்ளி என்றாலும் 60 நாளுக்கு 900 வெள்ளி. பதிவுக் கட்டணம், மெத்தை விரிப்பு, வாளி, பேருந்துக் காசு தனி. தகுதியுள்ள புதிய மாணவர்களுக்கு பி.டி.பி.டி.என். 1,500 வெள்ளிவரை முன்பணம் தருகிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். கோயில் நிர்வாகமோ முன்னாள் மாணவர் சங்கமோ உதவ முன்வந்தால் மேடையில் மாதிரிக் காசோலை கொடுத்துப் படம் எடுப்பதைவிட, இந்த 900 வெள்ளியை இரண்டு தவணையாகப் பிள்ளையின் வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். அதுதான் பெரிய உதவி.

செமஸ்டர் லீவுல விடுதிய பூட்டிடுவாங்க. அப்ப எங்க போறது?

கல்லூரியில் சேர்ந்த பிள்ளை நின்றுபோக இது பெரிய காரணம், ஆனால் யாரும் முன்கூட்டிக் கேட்பதில்லை. கல்லூரி நாட்காட்டி கிடைத்த அன்றே விடுமுறைத் தேதிகளை எடுத்து ஒவ்வொன்றுக்கும் தூங்குமிடம் எழுதுங்கள். தீபாவளி விடுப்புக்கு இன்னார் வீடு, நீண்ட விடுமுறைக்கு இல்லத்து விருந்தினர் அறை என்று பெயரோடு இருக்க வேண்டும். ‘வந்தா பாத்துக்கலாம்’ என்பது ஏற்பாடாகாது.

சில விடுதிகளில் காரணம் சொல்லி எழுதிக் கேட்டால் தங்க அனுமதிப்பார்கள். ஒரு மாதம் முன்பே மாணவர் விவகாரப் பிரிவுக்குக் கடிதம் கொடுக்கட்டும். பெண்பிள்ளை என்றால் ‘தோழி வீட்டில் இருந்துகொள்’ என்று விட்டுவிடாதீர்கள். அந்த வீட்டுப் பெரியவரிடம் நீங்களே பேசுங்கள்.

மலாய்ல ஃபெயில். எல்லாம் போச்சா?

போகவில்லை. மலாய்மொழியையும் வரலாற்றையும் எஸ்.பி.எம். மறுதேர்வில் தனியார் வேட்பாளராக எழுதலாம். பள்ளி பதிவு செய்து தராது, பிள்ளையே பதிவுத் தேதி பார்த்துப் பதிய வேண்டும். இல்லத்தைவிட்டுப் போன பிள்ளைகள் இங்கேதான் தவறவிடுகிறார்கள். வயது ஏறிவிட்டவர்களுக்கு வேலை அனுபவத்தை மதிப்பிட்டுச் சேர்க்கும் ஏப்பல் வழி உண்டு: சான்றிதழுக்கு 19, டிப்ளோமாவுக்கு 20, இளங்கலைப் பட்டத்துக்கு 21 வயது.

தேர்ச்சி பெற்றவர்களுக்கும் ஒரு சொல். முடிவு நாளில் தருவது முடிவுத் தாள், சான்றிதழ் பிறகு பள்ளிக்கு வரும். அதை வாங்காமலே போனவர்கள் உண்டு. தொலைந்தால் புதுச் சான்றிதழ் தரமாட்டார்கள், முடிவை உறுதிப்படுத்தும் கடிதம்தான் தருவார்கள்.

இத்தன வருசம் எட்டிப் பாக்காத அப்பா இப்ப வந்து லோன் காசக் கேக்குறாரு. பிள்ளையும் இரக்கப்படுது.

பிள்ளையின் பாசத்தைக் குறை சொல்லாதீர்கள். அப்பாவைத் திட்டினால் பிள்ளை உங்களிடம் மறைக்கத் தொடங்கும். 18 வயதுக்குப் பிறகு யாரைப் பார்ப்பது என்பது அவர் முடிவு. ஆனால் அது கடன் பணம், அடுத்த தவணைச் சாப்பாடு அதில்தான் இருக்கிறது என்று கணக்கைக் காட்டுங்கள். வங்கி அட்டையும் ரகசிய எண்ணும் யார் கையிலும், உங்கள் கையிலும்கூட, இருக்கக் கூடாது. ‘மாதம் 30 வெள்ளிதான் என்னால் முடியும்’ என்று சொல்லக் கற்றுக்கொடுத்தால் சண்டையில்லாமல் நிற்கும். பிள்ளை இன்னும் 18-க்குக் கீழே இருந்து மிரட்டல் நடந்தால் பெலின்டோங்கிடம் சொல்லுங்கள், அல்லது தாலியான் காசே உதவித் தொலைபேசி 15999-ஐ அழையுங்கள்.

காலேஜ் பாரத்துல அவசரத்துக்கு யாரக் கூப்பிடணும்னு கேக்குது. நான் யார் பேரப் போடுறது?

இதைக் கேட்டது ஒரு மாணவி. இரவு இரண்டு மணிக்கு அழைத்தாலும் எடுக்கக்கூடிய, மருத்துவமனைக்குக் கிளம்பி வரக்கூடிய ஒருவர் பெயரைப் போடுங்கள். உறவினராக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இல்லத்து அக்காவாக இருக்கலாம், தமிழ் டீச்சராக இருக்கலாம், வளர்த்த அத்தையாக இருக்கலாம். இல்லத்து அலுவலக எண்ணை மட்டும் போடாதீர்கள், மாலை ஐந்துக்குப் பிறகு யாரும் எடுக்காமல் போகலாம். போடுவதற்கு முன் அவரிடம் நேரில் கேளுங்கள். ‘உறவு’ என்ற கட்டத்தில் ‘பாதுகாவலர்’ அல்லது ‘குடும்ப நண்பர்’ என்று எழுதினால் போதும். வேறு விளக்கம் யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை.

பெரியவர்களுக்கு: அந்த ஒருவராக இருக்க ஒப்புக்கொண்டால் கைப்பேசி எண்ணை மாற்றாதீர்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் முதல் அழைப்பு அந்தப் பிள்ளைக்குப் போகட்டும். இரண்டாவது பெயர் ஒன்றும் வாங்கிப் படிவத்தில் சேருங்கள். ஒவ்வொரு தவணை தொடங்கும்போதும் இரண்டு எண்ணுக்கும் பிள்ளை ஒருமுறை அழைத்துப் பார்க்கட்டும்.